டேட்டா செட்டை இறக்கியபோது கூடுதலாக முளைத்த வரிகள்

மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் இருந்த ஒரு டேட்டா செட்டை (அங்கே கோப்புக்கு அதுதான் பெயர்), அதை வெளியிலிருந்து அணுக உதவும் ஸோவி (Zowe) கட்டளைவரிக் கருவியால் என் கணினிக்கு இறக்கினேன். பெயரும் முகவரியும் ஒழுங்காக வந்தன, தொகைகள் மட்டும் குப்பை. அதைவிட விசித்திரம், மூலத்தில் உள்ள பதிவுகளைவிட இறங்கிய கோப்பில் வரிகள் அதிகம்!

பதிவில் எந்தப் புலம் எங்கே, எந்த வடிவில் என்று சொல்லும் கோபோல் மொழிக் காப்பிபுக்கைத் திறந்ததும் புரிந்தது. தொகைகள் காம்ப்-3 (COMP-3) என்ற சுருக்கிய எண் வடிவம். ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்கள். உரை முறையில் இறக்கினால், எழுத்து மாற்றம் இந்தப் பைட்டுகளையும் மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக் (EBCDIC) எழுத்துகளாகவே எண்ணி மாற்றிவிடும். 1, 5 இரண்டும் ஒரே பைட்டில் அமைந்தால் அதுவே எப்சிடிக் புதுவரிக் குறி. பதிவு அங்கேயே உடையும். கணக்குத் தொகைகளில் 15 வருவது என்ன அரிதா?

பைட்டுகளை மாற்றாமல் தரும் பைனரி விருப்பத்தைச் சேர்த்து மறுபடி இறக்கினேன். அதில் வரிமுறிவே கிடையாது. எனவே பைத்தானில் பதிவு நீளப்படி வெட்டி, உரைப் புலங்களை மட்டும் சிபி037 (cp037) என்ற எப்சிடிக் குறியீட்டால் மாற்றினேன். தொகையைப் பதினாறடிமான எழுத்தாக்கினால் இலக்கங்கள் அப்படியே தெரியும். கடைசி எழுத்து டி என்றால் எதிர்மத் தொகை, சி அல்லது எஃப் என்றால் நேர்மத் தொகை. தசமப் புள்ளி தரவில் இருக்காது, காப்பிபுக்கைப் பார்த்து நாமே வைக்க வேண்டும்.

பதிவுகளின் நீளம் மாறுபடும் டேட்டா செட்டுக்கு இந்த வெட்டு உதவாது. அதற்கு ரெக்கார்டு விருப்பம் உண்டு. ஒவ்வொரு பதிவின் முன்னும் அதன் நீளம் 4 பைட்டில் வரும்.