காலேஜுக்கும் கேமுக்கும் சேத்து ஒரே மெஷின் எடுக்கப்போறியா?

பிளஸ் டூ முடிஞ்சதும் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகள்ல அப்பா பட்ஜெட் சொல்ல பிள்ளை கேம் பேரு சொல்லன்னு ஒரே சண்டைதான். மக்கா, மாடல் பாக்குறதுக்கு முன்ன ஹாஸ்டலா, வீட்டுல இருந்து போய்வரப் போறியான்னு முடிவு பண்ணு. வீடுன்னா டெஸ்க்டாப்தான் கொள்ளாம், அதே காசுக்கு கேம் படத்தை ஓட்டுற நல்ல கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும், பின்னால கார்டை மட்டும் மாத்திக்கிடலாம். யுபிஎஸ் காசையும் சேத்து வச்சுக்கோ, நம்ம ஊரு கரண்டு தெரியும்லா.

சென்னை, கோவை ஹாஸ்டல்னா லேப்டாப்தான். கேமிங் லேப்டாப்பு பெரும்பாலும் ரெண்டு கிலோவுக்கு மேல வரும், அடாப்டர் வெயிட்டு வேற.

இனிதான் முக்கியமான விஷயம். என்விடியா கம்பெனி கிராபிக்ஸ் கார்டு பேரு ஆர்டிஎக்ஸ் 4050ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சிராதே. லேப்டாப்புல அந்த கார்டு 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் கம்பெனி இஷ்டத்துக்கு வச்சு விக்கிறான், வாட் கொறஞ்சா எஃப்பிஎஸ்ஸும், அதாவது செகண்டுக்கு கேம் காட்டுற படத்தோட எண்ணிக்கையும் கொறையும், ஒல்லியா அழகா இருக்கிற மாடல்ல பெரும்பாலும் இந்த கதைதான். கடைக்காரர்ட்ட டெமோ பீஸை ஆன் பண்ணச் சொல்லி என்விடியா கண்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷனை தெறந்தா மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்னு வாட் போட்டிருக்கும். அப்படியே விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல மெமரியையும் (ரேம்) பாரு, ஸ்லாட்ஸ் யூஸ்ட் 1 ஆஃப் 2ன்னு, அதாவது ரேம் போடுற ரெண்டு எடத்துல ஒண்ணு காலின்னு இருந்தா நல்லது, இப்ப ஒத்த 8 ஜிபி இருந்தாலும் இன்னொண்ணு போட்டு 16 ஆக்கிரலாம், ஸ்பீடும் கூடும். ரேமை போர்டுலயே சால்டர் பண்ணி வேற ஸ்லாட்டும் இல்லன்னா எடுக்கும்போதே 16 எடுத்துரு.

மெக்கானிக்கல், சிவில்னா மேக்புக் ஆசையை விட்டுரு, டிசைன் போடுற சாலிட்வொர்க்ஸும் ரெவிட்டும் விண்டோஸுக்குத்தான் இருக்கு, வாலரன்ட் கேமும் மேக்ல கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முதல் வருஷம் பெரிய கார்டே வேண்டாம், உண்மையச் சொன்னா அது கேமுக்குத்தான், ஆனா அப்பாகிட்ட படிப்புக்குன்னு சொல்லுறது உன் பாடு. டிஸ்ப்ளேல 144 ஹெர்ட்ஸை (செகண்டுக்கு எத்தனை தடவை படம் மாறும்ங்கிற கணக்கு) மட்டும் பாக்காதே, கலர் எவ்வளவு காட்டும்ங்கிற அளவுல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு எழுதியிருந்தா கலர் வெளிறித்தான் இருக்கும்.

குளச்சல், முட்டம் மாதிரி கடப்புறத்துல வீடுன்னா உப்புக்காத்து போர்ட்டையும் ஃபேனையும் சும்மா விடாது, ஜன்னல் பக்கத்துல மெஷினை வைக்காதே. நமக்கு ரெண்டு மழையும் உண்டு, ஐப்பசி இடி கேட்டா சுவிட்சை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, பிளக்கையும் இன்டர்நெட் வர்ற லேன் கேபிளையும் உருவிரணும். வீட்டுக்கே வந்து சரி பண்ணுற ஆன்சைட் வாரண்டி உன் வீட்டு பின்கோடுக்கு உண்டான்னு காசு கொடுக்குறதுக்கு முன்னயே கேட்டுக்கோ, ஹாஸ்டல்ல இருந்தாலும் லீவுக்கு வரும்போதுதான் கெட்டுப்போகும். பில்லுல சீரியல் நம்பர் இருக்கான்னு பாத்துட்டு கடையை விட்டு எறங்கு.