வானொலியாளர்களுக்குக் காணொளி கற்பித்தல்: ஓசையிலிருந்து தொடங்கும் செய்முறை

பழங்குடிச் சமூக வானொலிகளில் பணியாற்றுவோருக்கு இணையம் வழியாகவோ நேரில் சென்றோ காணொளித் தயாரிப்பைக் கற்றுத்தர முன்வரும் சிங்கப்பூர்த் தமிழ்த் தொண்டூழியர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் வகுப்பிலேயே கேமராவைக் கையில் கொடுப்பது வழக்கம். ஆனால் வானொலியாளர்களிடம் அது பலன் தராது என்பது என் உறுதியான கருத்து. கேள்வி கேட்கவும், பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கவும், ஓசையைக் கொண்டே ஓர் இடத்தை உணர்த்தவும் அவர்கள் நன்கு அறிந்தவர்கள். ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980இல் தொடங்கிய காமா என்னும் பூர்வகுடி ஊடக அமைப்பு முதலில் வானொலியில்தான் வேரூன்றியது. அதன் முயற்சியில் உருவான இம்பார்ஜா தொலைக்காட்சி 1988இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. செவியில் தேர்ந்தவர்களுக்குப் படம் கைவராத கலையன்று.

படி 1: கேட்டுப் படம் தேடுதல்

அவர்கள் ஏற்கெனவே ஒலிபரப்பிய ஒரு பேட்டியில் மூன்று நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் கண்ணை மூடிக் கேளுங்கள். எந்த ஓசை கேட்டதும் மனத்தில் ஒரு காட்சி எழுகிறதோ, அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலே எடுக்கவேண்டிய காட்சிகளின் பட்டியல்.

கற்பிக்கும் முன் நீங்களே தேக்கா சந்தையில் பழகிப் பாருங்கள். கடைக்காரரிடம் அனுமதி பெற்று, தேங்காய் துருவும் இயந்திரத்தின் இரைச்சலை முதலில் பதிவு செய்யுங்கள். பிறகு தேங்காய் மூடியை அழுத்திப் பிடித்துச் சுழற்றும் விரல்களை மிக அருகிலும், அவர் முகத்தை நடுத்தரத் தொலைவிலும், கடை முழுவதையும் தள்ளி நின்றும், ஒவ்வொன்றையும் பத்து விநாடி அசையாமல் எடுங்கள். கை, முகம், இடம் என்ற இந்த மூன்றும் இருந்தால் தொகுப்பதற்குப் போதும். பேச்சிலேயே கவனம் ஊன்றிப் பழகிய வானொலியாளர்கள் பேசுபவரின் முகத்தையே கடைசிவரை எடுக்கக்கூடும் என்பதால், கைகளையும் இடத்தையும் எடுக்கும்படி நினைவூட்டிக்கொண்டே இருங்கள்.

படி 2: ஒலியும் வெளிச்சமும்

நிலையத்தில் நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கைப்பேசியில் படமும் கருவியில் ஒலியும் பதிவாகத் தொடங்கியதும், கேமராவின் முன் ஒருமுறை கைதட்டினால், பின்னர் இரண்டையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம். சட்டையில் குத்தும் மைக் என்றால் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். ஹெட்ஃபோனைக் கழற்றவே கூடாது.

வெளிச்சத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அலைவு) என்பதால், விநாடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்), ஷட்டர் வேகம் 1/50 விநாடி என அமைத்தால் குழல் விளக்கின் கீழ் படம் மினுங்காது. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்குள்ள மாயா பழங்குடி வானொலியாளர்களுக்கு இதே அமைப்பைச் சொல்லிக்கொடுத்தால் படத்தில் கோடுகள் ஓடும். அவர்களுக்கு 30 ஃபிரேம், 1/60 என்று சொல்லுங்கள்.

படி 3: அனுமதி

இதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். ஒலியில் மறைந்திருந்த முகமும் இடமும் காணொளியில் வெளிப்பட்டுவிடுகின்றன. குவாத்தமாலாவில் பழங்குடி வானொலி நிலையங்கள் சோதனையிடப்பட்டு, கருவிகள் பறிமுதல் செய்யப்பட்டதுண்டு. அந்தச் சமூகங்களின் கருத்துரிமை மீறப்பட்டது என 2021இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நிலையத்தின் வாசலையோ ஒலிபரப்புக் கோபுரத்தையோ காட்டலாமா என்பதை அவர்களே முடிவு செய்யவேண்டும். ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில் இறந்தவரின் உருவத்தைக் காட்டுவது துயர் மரபுக்கு மாறானது. எனவே பேட்டி தந்தவர் பின்னாளில் மறைந்தால் என்ன செய்வது என்பதையும் படம் எடுக்கும் முன்பே குடும்பத்தாரிடம் கேட்டு வைக்கப் பழக்குங்கள்.

படி 4: தொகுத்தல்

கைப்பேசியில் இயங்கும் எளிய செயலியே போதும். பேச்சை முதலில் வானொலி நிகழ்ச்சியைப் போலவே வெட்டி முடித்துவிட்டு, அதன் மேல் படங்களை அடுக்கச் சொல்லுங்கள். வசனவரிகள் முதலில் அவர்களுடைய மொழியில் அமையட்டும், பிறமொழி அடுத்துதான். வேலை முடிந்ததும் மூலக் கோப்புகள் அனைத்தையும் நிலையத்தின் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, மற்றொரு பிரதியை அவர்கள் நம்பும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் கணினியில் உள்ளதை வைத்திருக்கலாமா, அழிக்கவேண்டுமா என்று அவர்களிடமே கேட்டு அதன்படி செய்யுங்கள்.