பாகிஸ்தான் கை எம்பிராய்டரி: தைத்த உடையில் போடாதீர்கள்

பாகிஸ்தான் கை எம்பிராய்டரியை வைத்து கலெக்‌ஷன் செய்ய நினைத்தால், உடையைத் தைத்து முடித்துவிட்டு அதன்மேல் வேலைப்பாடு கேட்காதீர்கள். பலூச்சிப் பெண்களின் உடுப்பைப் பாருங்கள்: மார்புப் பகுதி, இரண்டு கையோரம், முன்பக்கம் கீழே இறங்கும் நீளப் பை என்று தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துப் போடக்கூடிய வேலை அது. அதையே நீங்களும் செய்யலாம், துணியை நனைத்துக் காயவைத்து, பேட்டர்னை வெட்டாமல் வரைந்து மட்டும் கொடுங்கள், சுற்றிலும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விடுங்கள், ஏனென்றால் நெருக்கமான தையல் துணியை இழுத்துச் சுருக்கிவிடும்.

சிந்திக் கண்ணாடி வேலையா? கண்ணாடியில் துளை கிடையாது, மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுச் சுற்றிக் கட்டும் நூல்தான் அதைப் பிடித்து நிற்கிறது. தையல் கோட்டிலிருந்து அரை அங்குலமாவது தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மெஷின் ஊசி டக்கென்று ஒடியும் (எனக்கு ஒரே நாளில் மூன்று!).

வடக்கே ஹசாரா பகுதியின் புல்காரி என்ற பூ வேலைப்பாடு வேறு ரகம். பின்பக்கத்திலிருந்து இழை எண்ணிப் போடுவது, ஷிஃபானில் கேட்டால் பாவம், எம்பிராய்டரி போடுபவர்கள் என்ன செய்வார்கள்? இழை கண்ணுக்குத் தெரியும் கதர்த் துணி கொடுங்கள். அப்புறம், சிவப்பு நூலை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.