நாற்பத்தைந்துக்குப் பிறகு பறவை பார்க்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு காலை ஏரிக்கரையில் நடக்கும் பறவை நோக்கலுக்குப் புதிதாக வருபவர்களில் பலர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், வேலை ஓட்டம் சற்றுத் தணிந்திருக்கிறது. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காமல் விட்டதை இனியாவது பார்க்க வேண்டும் என்ற அவர்களின் ஏக்கம் உண்மையானது. ஆனால் ஆண்டுதோறும் அதே தவறுகள்தான் நடக்கின்றன. சத்தமாகப் பேசுவது, பளிச்சென்ற சட்டை போட்டு வருவது போன்றவை இரண்டு வாரத்தில் தாமாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட்டுக்குப் பக்கத்தில் போவது

மற்ற எல்லாத் தவறுக்கும் நஷ்டம் நமக்கு. இதற்கு மட்டும் பறவை விலை கொடுக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி நடப்பதால் எரிச்சலும் குறைவதில்லை.

சிவப்பு மூக்கு ஆள்காட்டியை எடுத்துக்கொள்வோம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட ஏரிப்படுகை, காலி மனை, உழுது போட்ட நிலம் எங்கும் இது முட்டையிடும். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. கட்டாந்தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் பொடிக்கல், ஆட்டுப்புழுக்கை, அவ்வளவுதான். நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், மண் நிறத்தில், கருந்திட்டுகளோடு. இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும்.

புதியவர் நடந்து போகிறார். பறவை எழுந்து தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றுகிறது. இவ்வளவு பக்கத்தில் வருகிறதே என்று அவருக்கு ஒரே பரவசம். கத்தும் திசையிலேயே இன்னும் நாலடி வைக்கிறார், முட்டை கண்ணில் படுகிறது. செல்போனை எடுக்கிறார், பின்னால் வருபவர்களையும் கைகாட்டிக் கூப்பிடுகிறார். எட்டுப் பேர் பத்து நிமிடம் சூழ்ந்து நிற்கிறார்கள். யாரும் முட்டையைத் தொடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஏப்ரல், மே மாத வெயிலில் வெட்டவெளி மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். முட்டைக்குள் வளரும் கருவோ 40 டிகிரிக்கு மேல் நீடிக்கும் சூட்டைத் தாங்காது. அந்த நேரத்தில் பறவை உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. பக்கத்துத் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கும். அதைக் கிளப்பிவிட்டு நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகம், எட்டுப் பேர் குனிந்து பார்க்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. நாம் கிளம்பியதும் அது இறங்கும். புல்லில் நாம் மிதித்துப் போட்ட தடம் நாய்க்கும் கீரிக்கும் வழிகாட்டும். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் பள்ளம் மட்டும் இருக்கும்.

ஆகவே ஆள்காட்டி தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தினால், ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்படியே நில்லுங்கள். முட்டையைத் தேடி முன்னே போகாதீர்கள், அடுத்த அடி அதன்மேலேயே விழலாம். வந்த தடத்திலேயே பார்த்துப் பார்த்துத் திரும்புங்கள். ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி ஒரு மரத்தடியிலோ புதர் ஓரத்திலோ உட்காருங்கள். பத்து நிமிடத்தில் பறவை கூட்டுக்குத் திரும்பாவிட்டால் அந்தத் தூரமும் போதவில்லை, இன்னும் விலகுங்கள்.

அங்கிருந்து பைனாகுலரில் பாருங்கள். அது நேராகக் கூட்டுக்கு வந்து இறங்காது. தள்ளி எங்கோ இறங்கும், நாலடி ஓடும், நிற்கும், மேய்வதுபோல் தரையைக் கொத்தும், வேறு பக்கம் ஓடும். கூட்டருகே வந்ததும் தலையைத் தாழ்த்தி, வயிற்று இறகை உப்பி, காலை மடக்கி மெல்ல முட்டைமேல் அமரும். சற்று நேரத்தில் துணை வரும், இது எழுந்து போகும், அது உட்காரும். இயற்கையோடு நெருக்கம் வேண்டும் என்று வந்தவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். பக்கத்தில் போனவருக்கு இது ஒருநாளும் காணக் கிடைக்காது.

மரத்துக் கூடுகளுக்கும் இதே கதைதான். படம் தெளிவாக வர வேண்டும் என்று மறைக்கும் கிளையை ஒடிப்பவர்கள் உண்டு. அந்த இலைதான் குஞ்சுக்குக் குடையும் வேலியும். இறகு முளைத்த குஞ்சுகள் பயந்தால் பறக்கப் பழகும் முன்பே வெளியே குதித்துவிடும். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அடுத்த இருபது பேரை அழைத்து வருவதற்குச் சமம். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது வருகிறது.

"காலிக் கூடு" என்று தூக்கணாங்குருவிக் கூட்டைப் பறித்து வருவது

பாதியில் நிற்கும் கூடு கைவிடப்பட்டது என்று நினைக்காதீர்கள். ஆண் குருவி பாதிவரை பின்னி நிறுத்திப் பெண்ணுக்காகக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் முட்டை அறையையும் கீழே தொங்கும் குழாயையும் முடிக்கும். உண்மையிலேயே விட்டுப்போன கூட்டிலும் சில்லைகள் தங்கும். வரவேற்பறை அலங்காரத்துக்கு வேறு ஏதாவது பாருங்கள்.

பெருக்கம் அதிகமுள்ள பைனாகுலர் வாங்குவது

கடையில் 20×50 என்று பார்த்ததும் 8×42 சின்னதாகத் தெரியும். வாங்கியவர்களில் பலர் இரண்டே மாதத்தில் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பறவையை 20 மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் 20 மடங்கு காட்டும். பார்வைப் பரப்பும் குறுகிவிடும், இலைக்குள் தாவும் தையல்சிட்டைக் கருவிக்குள் கொண்டுவருவதற்குள் அது போய்விடும்.

வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. இரண்டாவது எண்ணை (முன்வில்லையின் விட்டம், மி.மீ.யில்) முதல் எண்ணால் (பெருக்கம்) வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் மி.மீ.யில் கிடைக்கும். 20×50க்கு அது 2.5, விடிகாலையில் படம் மங்கல்தான். 8×42க்கு 5.25. ஐம்பது வயதில் மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரிவது ஏறக்குறைய 5 மி.மீ. என்பதால் இது கச்சிதமாகப் பொருந்தும்.

கண்ணாடி போடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கண் அதிகபட்சம் எவ்வளவு தள்ளி இருந்தும் முழுக்காட்சியைப் பார்க்க முடியும் என்ற அளவு, 'ஐ ரிலீஃப்' (eye relief) என்ற பெயரில் கருவியின் விவரத்தாளில் இருக்கும். அது 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கண்வைக்கும் ரப்பர் குவளையைத் திருகி உள்ளே தள்ளிவிட்டு, கண்ணாடியோடு பாருங்கள். ப்ரோக்ரெசிவ் கண்ணாடியானால் மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும், கீழ்ப்பகுதி படிப்பதற்கானது.

வாங்கியதும் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள். வலப்பக்க வில்லையைக் கையால் மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தைக் குறித்துவையுங்கள். இதைச் செய்யாமல் "பைனாகுலர் பார்த்தால் தலை வலிக்கிறது" என்று சொல்பவர்கள் ஏராளம்.

பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பது

செய்யாதீர்கள். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டு அந்தப் பறவை அலையும்.

காதை நம்பி இருப்பது

நடுவயதில் முதலில் குறைவது உச்சக் குரல்களைக் கேட்கும் திறன். பூங்கொத்தி, தேன்சிட்டு போன்ற சின்னஞ்சிறு பறவைகளின் கூர்மையான 'ச்சிக், ச்சிக்' இளைஞர்களுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காமல் போகலாம். "இங்கே ஒன்றுமில்லை" என்று நகர்ந்துவிடாதீர்கள். மெர்லின் போன்ற ஆப்பை ஓடவிட்டால் எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் காட்டும், பிறகு கண்ணால் தேடலாம். அது காட்டும் பெயரை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றுவது வேறு கதை. கரிச்சான் பிற பறவைகளின் குரலில் கத்தும், ஆப் ஏமாறும். பார்க்காததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சோறு, மிக்சர் போடுவது

வேண்டாம். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள்.

ஊர் ஊராக ஓடுவது

லீவு கிடைத்தது என்று ஜூனில் வேடந்தாங்கல் போய், வறண்ட ஏரியைப் பார்த்துத் திரும்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே போக நவம்பர் முதல் மார்ச் வரையும், கோடியக்கரைக் கரைப்பறவைகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரையும் நல்ல காலம். போய்வாருங்கள், தவறில்லை. ஆனால் வருடத்துக்கு ஆறு ஊர் பார்ப்பவரைவிட, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரே குளத்தை வாரம் ஒருமுறை பார்ப்பவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்.

மடையான் ஒன்று போதும். ஓரத்தில் அசையாமல் நிற்கும்போது மண்பழுப்பு, எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. இனப்பெருக்க காலம் நெருங்கினால் அதே பறவையின் முதுகில் கருஞ்சிவப்பு இறகுகள் தொங்கும், தலையும் கழுத்தும் மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பாகும். ஊர் ஊராகப் போகிறவர் இவற்றை இரண்டு இனமாக எழுதிவைப்பார்.

ஒவ்வொரு முறையும் சூரியன் உதித்த அரை மணிக்குள் போய், குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் இருங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மடக்கு ஸ்டூல் எடுத்துப் போங்கள். தேதி, நேரம், தண்ணீர் மட்டம், எந்தப் பறவை எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் குறிப்பேட்டிலோ இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டிலோ எழுதுங்கள். எதுவுமே வராத நாளையும் எழுதுங்கள். கோடை முழுக்க வாலாட்டி, தகைவிலான் இல்லை என்று எழுதியிருந்தால்தான், மழைக்கு முன்னால் ஒரு காலை முதல் வாலாட்டி கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்போது அது அந்த வாரம் வந்த விருந்தாளி என்று தெரியும்.