கண்மாயில் ஆகாயத்தாமரை எடுக்க இறங்குமுன்

எங்கள் கண்மாயில் ஆகாயத்தாமரை முதலில் ஒரு மூலையில்தான் கிடந்தது. ஊதாப் பூ அழகாக இருக்கிறதே என்று யாரும் தொடவில்லை. இரண்டே மழைக்காலத்தில் மடையிலிருந்து, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கழுங்கு வரை தண்ணீர் கண்ணுக்கே தெரியாமல் மூடிவிட்டது. வெயில் படாமல், தண்ணீருக்கடியில் வளரும் வேலம்பாசி அழுகியது. அழுகல் தண்ணீரில் இருந்த பிராணவாயுவை இழுத்துக்கொண்டது. முதலில் செத்தது கெண்டை. மேலே வந்து காற்றுக் குடிக்கும் விரால் கொஞ்ச நாள் தாங்கியது. முங்கி மீன் பிடிக்க இடமில்லாமல் முக்குளிப்பான்களும் போய்விட்டன.

உங்கள் ஊரிலும் இந்த நிலை என்றால், முதலில் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததா நீர்வளத் துறையைச் சேர்ந்ததா என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். களைக்கொல்லி மட்டும் வேண்டாம். செடி மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து அடியில் அழுகினால், மிச்சமிருக்கும் மீனும் போய்விடும்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி, செடி ஒரு பக்கமாக ஒதுங்கும்போது இறங்குவது நல்லது. மழைக்காலத்தில் நாமக்கோழி இதன் மேலேயே கூடு கட்டியிருக்கும். எந்த மாதம் இறங்கினாலும், கூடு கண்ணில் பட்டால் அந்தத் திட்டை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

அரிவாளால் வெட்டாதீர்கள். செடிகள் கொடியால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அறுந்த துண்டு காற்றடிக்கும் பக்கமாகத் தண்ணீரில் மிதந்து போய் வேறு இடத்தில் துளிர்த்துவிடும். நைலான் கயிற்றை வளைத்துப் போட்டு, கூட்டமாகக் கரைக்கு இழுங்கள். எட்டாததற்குத் துரட்டி. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் பத்துப் பேராவது வேண்டும். கரையோரம் பாம்பு கிடக்கும். கால்களுக்குப் பூட்ஸ் போடாமல் இறங்க வேண்டாம்.

நாங்கள் முதல் வருடம் பெரிய தவறு ஒன்று செய்தோம். எடுத்ததையெல்லாம் கரையின் உட்சரிவிலேயே குவித்துவிட்டோம். ஐப்பசி மழையில் பாதி திரும்பத் தண்ணீருக்குள் வந்துவிட்டது. கரைக்கு வெளிப்புறம், தண்ணீர் ஓடாத இடத்தில் பரப்பிக் காயவிடுங்கள். பூக்காத செடி என்றால் சாணம் கலந்து மட்க வைக்கலாம். சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் கண்மாய் என்றால், அந்த உரத்தைக் காய்கறிக்குப் போடாதீர்கள். செடி அதிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

இழுத்துப் போட்டதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பூ வாடியதும் தண்டு வளைந்து தண்ணீருக்குள் போய் விதையைக் கொட்டும். அது சேற்றில் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். தண்ணீர் வற்றி, ஈரச்சேற்றில் வெயில் பட்டதும் முளைக்கும். முதல் இலைகள் புல்லைப் போல ஒல்லியாக இருப்பதால் சட்டென்று அடையாளம் தெரியாது. காம்பில் வெங்காயம் போன்ற வீக்கம் அப்புறம்தான் வரும். எங்கள் ஊரில் கோடை முழுக்க வாரம் ஒருவர் கரையைச் சுற்றி வந்து, இந்தக் குட்டிகளை வேரோடு பிடுங்கி வாளியில் போடுகிறோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாயில் ஒரு பழைய வலையையும் குறுக்கே கட்டியிருக்கிறோம். மேலூர்க் கண்மாயிலிருந்து வரும் செடி அதில் தங்கும். மழை நாட்களில் தினமும் காலையில் போய் அதை அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் வலை கிழிந்துவிடும்.