நெஞ்சுவலியா? முதலில் மணியைப் பாருங்கள்

நெஞ்சுவலி என்று ஒருவரைக் கொண்டுபோனால் டாக்டர் முதலில் கேட்பது, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. மாமா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்பி, வாயுதான் என்று சுக்குத் தண்ணி குடித்துப் படுத்துவிட்டார். பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வேர்த்திருந்ததை அத்தை பார்த்த பிறகுதான் வண்டிக்குப் போன் போட்டோம். அதனால் வலி தொடங்கிய மணியை உடனே போனில் குறித்து வையுங்கள்.

மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் முழுக்க அடைத்ததுமே தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகத் தொடங்கிவிடும். அவசர ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனை நுழைத்து அடைப்பை விரிப்பது) பெரும்பாலும் குழாயைத் திறந்துவிடும், ஆனால் செத்த தசையை மீட்டுத் தராது. ஒரே டாக்டர், ஒரே ஸ்டென்ட் (குழாய் மூடாமல் தாங்கும் வலைக்குழல்), ஆனாலும் 2 மணி நேரத்தில் வந்தவரும் 10 மணி நேரம் கழித்து வந்தவரும் ஒரே மாதிரி வீட்டுக்குப் போவதில்லை.

பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் கேளுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் வலி விடவில்லை என்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயசானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுமுட்டலும் வேர்வையும் மட்டும் வரலாம்.

எங்கள் குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் இருப்பவர்கள் நாகர்கோவில் வரைக்கும் சும்மா உட்கார்ந்து வரவேண்டியதில்லை. 2023-இல் வந்த தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் வேறு பழக்கம், எதற்கெடுத்தாலும் நேரே திருவனந்தபுரம். களியக்காவிளை தாண்டி நெரிசலில் மாட்டினால் என்ன ஆகும் என்று வண்டி ஏறும்போது யாரும் யோசிப்பதில்லை. ஈசிஜியில் அடைப்பு தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் வைக்க வழியில்லை என்றால், வலி தொடங்கி 12 மணி நேரம் ஆகாதவர்களுக்குக் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. "ஊசியைப் போட்டுக் கைகழுவுறாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பக்கவாதம், சமீபத்திய ஆபரேஷன், ரத்தக்கசிவு ஏதாவது இருந்திருந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 24 மணி நேரமும் கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறை) ஓடும் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே போன் செய்து கேட்டு வையுங்கள்.

ஆஞ்சியோபிளாஸ்டிக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்கும்போது துபாயில் இருக்கும் மகன் போனை எடுக்கட்டும் என்று காத்திருப்பது நம்மூர் வியாதி. எங்கள் வீட்டில் அப்படிப் போனது முக்கால் மணி நேரம்.

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த பிறகு மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் குழாயைத் திறந்தார்கள், மற்றவற்றில் அடைப்பு உண்டா, எக்கோவில் (இதய ஸ்கேனில்) ஈஎஃப் எவ்வளவு. ஈஎஃப் என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம். 55-க்கு மேல் இருந்தால் நல்லது, 40-க்குக் கீழே என்றால் இதயம் பலவீனமாகிவிட்டது. மாமாவுக்கு 38 என்றதும் அத்தை அழுதுவிட்டார், ஆனால் முதல் வார எண் கடைசி எண் இல்லை. அதிர்ச்சியில் மரத்துப்போன தசை சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் அவருக்கு 46.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் பொதுவாக ஒரு வருஷம் சாப்பிடவேண்டும். பல் பிடுங்கவேண்டும் என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம், இதய டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம் முதல் ஈசிஜி, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்டென்ட் கார்டு மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள், ராத்திரி 2 மணிக்கும் யாரும் தேடவேண்டாம்.