மெய்நிகர் சுற்றுலாவைப் பாடமாக்கும் முறை: மாமல்லபுரத்தை முன்வைத்து

சென்னையில் சுற்றுலாவியல் பயிலும் மாணவர்களுக்கு மாமல்லபுரம் எட்டாத ஊர் அன்று. ஆயினும் கல்விப் பயணமாகச் சென்ற வகுப்புகள் பல, அர்ச்சுனன் தபசு என்னும் பாறைப் புடைப்புச் சிற்பத்தின் முன் குழுப்படம் எடுத்துக்கொண்டு, எதைப் பார்க்க வந்தோம் என்று அறியாமலேயே பேருந்துக்குத் திரும்பியதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். கண்ணில் அணியும் ஹெட்செட் வழியே 360 பாகைப் படங்களில் ஓர் இடத்தைச் சுற்றிப் பார்க்கும் மெய்நிகர் சுற்றுலாவை நேரடிப் பயணத்துக்கு மாற்றாகக் கொள்ளாமல், அதற்கு ஒரு வாரம் முன்னதாக நடத்தும் வகுப்பாக அமைத்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரச் சின்னங்களின் தொகுதியில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் மண்டபங்களும் இருந்தாலும், அனைத்தையும் ஒரே வகுப்பில் சுற்றிக் காட்டினால் எதுவும் மனத்தில் தங்காது. அர்ச்சுனன் தபசு ஒன்றே போதும். ஹெட்செட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் கேள்வியைக் கொடுங்கள்: ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் அந்த மெலிந்த உருவம் சிவனிடம் பாசுபத ஆயுதம் வேண்டும் அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா? அறிஞர்களிடையே இரு கருத்துகளும் உண்டு. அருகில் வரமளிக்கும் சிவன், பாறையின் நடுப்பிளவில் நாகர்கள், யானையின் அருகே அதே தவக்கோலத்தில் நிற்கும் பூனை, அதை வணங்கும் எலிகள் என ஒவ்வொன்றையும் தேடிக் கண்டு, எந்தச் சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நாளை வழிகாட்டியாக நிற்கப்போகிறவர் இரு கதைகளையும் சான்றோடு சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டுமல்லவா?

காட்சிகளுக்குக் கூகுள் ஸ்ட்ரீட் வியூவின் 360 பாகைப் படங்களிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஒரே செயலியை நம்பிப் பாடத்திட்டம் வகுக்காதீர்கள். பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட மெய்நிகர் பயணச் செயலியான கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021-இல் நிறுத்தப்பட்டது.

கருவிகள் குறைவாக இருப்பது தடையன்று. மூவர் கொண்ட குழுவில் ஒருவர் ஹெட்செட் அணிந்து தாம் காண்பதை வாய்விட்டு விவரிக்க, ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் எழுதட்டும். பார்ப்பதைச் சொற்களாக்கும் இந்தப் பயிற்சியே வழிகாட்டிக்கான முதல் பாடம். அணிபவர் சுழல்நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். கண் அசைவைக் காண, உட்செவி அசைவை உணராதிருப்பதால் சிலருக்குக் குமட்டல் வரும் என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் மாற்றிவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கு ஒவ்வொரு முறையும் முகப்பகுதியைத் துடைப்பது கட்டாயம். ஜன்னலோர வெயிலில் கருவியை வைக்கவே கூடாது, லென்ஸ் ஒளியைக் குவித்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.

மாணவர்களே ஒரு சுற்றுலாவை உருவாக்குவது அடுத்த படி. 360 பாகைக் கேமராவைப் பார்வையாளரின் கண் உயரத்தில் நிறுத்த வேண்டும். அதைவிட உயர்த்தினால் சிற்பத்தின் அளவு பொய்யாகத் தோன்றும். அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயிலில்தான் புடைப்பு நன்கு தெரியும். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். சென்னைக்குள்ளேயே செய்வதானால் மயிலாப்பூர் மாடவீதிகள் நல்ல களம், ஆனால் கேமரா வீதியோடு நிற்கட்டும்: தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்கே தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கருவறையைப் படமாக்காமல் விடுவதும், அதன் காரணத்தை உரையில் சொல்வதும் பண்பாட்டுக் கல்வியின் பகுதியே.

பயண நாளில் ஹெட்செட்டை வகுப்பிலேயே விட்டுச் செல்லுங்கள். ஒவ்வொரு குழுவும் தயாரித்த மூன்று நிமிட வழிகாட்டி உரையைப் பாறையின் முன் நின்று நிகழ்த்தட்டும். மெய்நிகரில் தவறவிட்டது எது, நேரில் வேறாகத் தெரிவது எது என்று மற்றவர்கள் குறித்துத் தர, அன்று மாலையே அந்த உரையைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.